கோலாலம்பூர் மழையில் அவனைப் பிடித்த நாள்

பிரியமானவர்களே, நான் செய்தது அழகான ஜெபம் அல்ல. "ஆண்டவரே, கிஷோரை என் கையில் கொடும்." வேறு எதையும் நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் கடப்பாக்கம். அண்ணன் ஜான்சன் கார் டிரைவர். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒருநாள், முதலாளியின் மகன் கிஷோர் குடித்துவிட்டு, அண்ணனிடமிருந்து சாவியைப் பிடுங்கித் தானே வண்டியை ஓட்டினான். சாலையைக் கடந்த பூக்காரம்மா அங்கேயே இறந்துபோனார். ஓட்டியது டிரைவர்தான் என்று அப்பனும் மகனும் சாதித்தார்கள். அண்ணன் சிறைக்குப் போனார். கிஷோர் மலேசியாவுக்குப் போய்விட்டான். சிறையில் பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணன் இளைத்திருந்தார். அம்மா பேச்சையே விட்டுவிட்டாள். செத்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் நாவலூரில் நான் வேலை பார்க்கும் ஆபீஸ், பயிற்சிக்காக என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை கூட வந்தவர்கள் இரட்டைக் கோபுரம் பார்க்கப் போனார்கள். நான் அவனைத் தேடிப் போனேன். அந்த நகரத்தில் தமிழர் கடைகள் நிறைந்த ஒரு பகுதியில் அவன் இருக்கிறான் என்று ஊரில் கேள்விப்பட்டது மட்டும்தான் தெரியும்.

காலையிலிருந்தே மழை. தவறான நிலையத்தில் இறங்கி, மேம்பாலங்களுக்கு அடியில் நடந்தேன். பலகைகளில் இருந்தது ஆங்கில எழுத்து. படித்தால் மலாய், ஒன்றும் புரியவில்லை. செருப்பு அறுந்தது. கடை கடையாக அவன் படத்தைக் காட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் ஒதுங்கி அழுதேன். "என்னால முடியல ஆண்டவரே. நீங்களே அவன இட்டாந்து வுடுங்க."

கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் சிக்னலில், ஒரு பெண்ணின் குடைக்குள் கிஷோர் நின்றிருந்தான்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். "இன்னா கிஷோரு, எங்கண்ணன் ஜெயில்ல கீது. நீ இங்க ஜாலியா சுத்திகினு கீறியா?"

அவன் முகம் செத்துப்போனது. எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். நடந்ததையெல்லாம் நடுத்தெருவில் கத்தினேன். குடை பிடித்திருந்தவள் அவன் மனைவி, அந்த ஊர்த் தமிழ்ப் பெண்.

"இவங்க சொல்றது உண்மையா?" என்று கேட்டாள். அவன் தலை குனிந்தான்.

அவள் குடையோடு என் பக்கம் வந்து நின்றாள். அவன் மழையில் தனியாக நின்றான்.

"போய்க் கோர்ட்டுல உண்மைய சொல்லுங்க. அதுவரைக்கும் வீட்டுக்கு வராதீங்க."

அவன் ஊருக்குத் திரும்பி வந்தான். அண்ணனின் மேல்முறையீட்டில் நீதிபதி முன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். அண்ணன் விடுதலையானார். பிறகு கிஷோருக்குத் தண்டனை கிடைத்து, போலீஸ் அவனை அழைத்துப் போனபோது நான் முகத்தைத் திருப்பவில்லை. வண்டி மறையும்வரை பார்த்தேன். ஸ்தோத்திரம் சொன்னேன்.

"மன்னிச்சிட்டியாம்மா?" என்று சபையில் கேட்கிறார்கள். இன்னும் இல்லை. அதையும் ஆண்டவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி ஜெபிப்பேன். இப்போது உள்ளதை உள்ளபடி பேசுகிறேன்.

உங்கள் நெஞ்சிலும் இப்படி ஒரு நெருப்பு எரிந்தால், அதை மறைத்துக்கொண்டு முழங்கால் போடாதீர்கள். அப்படியே அவர் கையில் கொடுங்கள். அவருக்குச் சுடாது.