காய்ச்சல் அட்டையும் செக்கிங் அக்காவும்

செக்கிங் அக்கா இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேஜையில் நிற்கிறார். தைத்து முடித்த சட்டை எதுவும் அவர் கை படாமல் கம்பெனியை விட்டு வெளியே போகாது. விட்டுப்போன தையல் கண்ணில் படுவதற்கு முன்னே விரலில் தட்டுப்பட்டுவிடும். பிசகு உள்ள இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார். சொந்தத் தம்பி தைத்த சட்டைகளிலேயே ஒரே நாளில் மூன்றைத் திருப்பியவர். தம்பி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா வீட்டில் அவனுக்குச் சோறு போட்டார், மேஜையில் நாலாவது சட்டையையும் திருப்பினார்.

பட்டன் மெஷினில் உட்காரும் பட்டன்காரி இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவள். இவர்கள் இருவரும், இஸ்திரி அண்ணனும், பேக்கிங் தங்கச்சியும் சாப்பாட்டு மணி அடித்ததும் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அட்டை விளையாட்டு ஆடுவார்கள். அதில் எதிராளி கிடையாது, நாலு பேரும் ஒரே கட்சி. ஆபத்து அட்டைகளைத் தாண்டிக் காட்டைக் கடக்க வேண்டும். கடைசி அட்டை திறந்த பிறகும் ஒருவராவது விழாமல் நின்றால் எல்லோருக்கும் ஜெயம். சந்தேகம் வந்தால் விதித்தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அக்கா. படித்தது அஞ்சாவதுதான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். வாசிக்கும் முன் ஒரு நொடி கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொள்வார். விளையாட்டுக்குக் கூடவா என்று அண்ணன் கேலி செய்வார்.

அன்று பட்டன்காரிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மார்பில் கோட்டுப் பட்டன் அளவுக்கு ஒரு கட்டி. சதையில் துளி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, குறித்த இரண்டு நாளும் பயத்தில் போகாமல் விட்டுவிட்டாள். மூன்றாவதாகக் குறித்துக் கொடுத்த நாள் மறுநாள். அட்டையைக் கலைக்கும்போதே சொல்லிவிட்டாள்:

"இன்னைக்கு ஜெயிச்சா நாளைக்குப் போறேன். தோத்தா என்னை யாரும் கூப்பிடாதீங்க."

கடைசி அட்டை வந்தபோது பட்டன்காரி கையில் காப்பு அட்டை இருந்தது. 'இதை வைத்திருப்பவரை எந்த ஆபத்தும் தொடாது' என்று அதில் போட்டிருந்தது. திறந்தது காய்ச்சல் அட்டை. அதில், 'நால்வரையும் பிடிக்கும். யாரும் தப்ப முடியாது.'

எது பெரிது? விதித்தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் இதே சிக்கல் வந்திருந்தது. அன்று காப்பு இஸ்திரி அண்ணன் கையில். யாரும் என்றால் காப்பு உள்ளவரும் சேர்த்துத்தான் என்று அக்கா சொல்ல, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அட்டைகள் வைக்கும் பெட்டி மூடியின் உள்பக்கம் அதை அக்கா பென்சிலால் எழுதி ஒரு சிவப்பு அம்பும் ஒட்டியிருந்தார்.

அண்ணன் மூடியை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"அன்னைக்கு நான் விழுந்தேன், அதனால என்ன கெட்டுப்போச்சு? இன்னைக்கு மட்டும் கொஞ்சம் கண்ணை மூடிக்கக்கா. எதிர்க்கட்சியே இல்லாத ஆட்டம், யார் வந்து கேக்கப்போறா?"

தங்கச்சி அக்காவின் முழங்காலை இடித்தாள். பட்டன்காரியை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தினமும் கெஞ்சியது அக்காதான். கண்ணாடியைப் போட்டு இரண்டு அட்டையையும் வாசித்தார். மூடியைத் திருப்பி அதையும் வாசித்தார். உதடு அசைந்தது, கண் நிரம்பியது.

"அன்னைக்கு அவருக்கு ஒரு டேப்பு, இன்னைக்கு உனக்கு ஒரு டேப்பு வெச்சு அளக்க முடியலடி. விழுந்துட்டோம்."

வேலை மணி அடித்தது.

தப்பித்தோம் என்றுதான் பட்டன்காரிக்கு முதலில் தோன்றியது. மெஷினில் உட்கார்ந்த பிறகு அந்த நிம்மதி நிற்கவில்லை. ஒரு மாதமாக வீட்டிலும் கம்பெனியிலும் ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். அவளுக்கு அதில் ஒருவர் சொன்னதும் நெஞ்சில் ஒட்டவில்லை. அக்கா மட்டும் அப்படிச் சொன்னதே இல்லை. தனக்குத் துணிதான் தெரியும், இது தெரியாது, ஆனால் என்ன வந்தாலும் கூட இருப்பேன் என்று சொன்னார். கண் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டும் ஒரு அட்டைக்காகப் பொய் சொல்ல வராத வாய் சொன்ன வார்த்தை அது. பட்டன்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படியும் ஒரு மனுஷியைப் படைத்து, நமக்குப் பத்தடி தூரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறானே கடவுள் என்று நினைத்தாள்.

சாயங்காலம் செக்கிங் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக்கா கிளம்பணும்?"

அக்கா நிமிர்ந்தார். "தோத்துட்டோமேடி."

"ஆட்டத்துலதானேக்கா."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழு மணிக்கு. எனக்கு லீவு திங்கக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டேன்."

பிறகு மேஜையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து நீட்டினார். மத்தியானம் பட்டன்காரி போட்டது. மூன்றாவது பட்டன் பக்கத்தில் சிவப்பு அம்பு.

"நூல் தொங்குது பாரு. முடிச்சுக் கொடுத்துட்டுப் போ."

பட்டன்காரி அந்தச் சட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.