தூங்கிய படகோட்டி

அமெரிக்காக்காரர்களின் போனை எடுத்துப் பேசும் வேலை எனக்கு. வாரம் முழுக்க இரவு ஷிப்ட். ஞாயிறு மதியம் செங்கல்பட்டில் பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் நண்பன் பாபு வீட்டுக்குக் கதை விளையாட்டு ஆடப் போவேன். பாபு கதையை நடத்துவான். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அடுத்து என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நான் படகோட்டி. என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லாவுக்கு வைத்தியச்சி பாத்திரம்.

என் முறை வந்தால் பகடையை உருட்டுவேன். மற்றவர்கள் பேசும்போது சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவேன். பல மாதம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் திடுக்கென்று விழித்து, சமாளிப்பதற்காக, “என் படகை எடுக்கிறேன்” என்றேன்.

பாபு சிரிக்கவில்லை. “படகு போன வாரமே முழுகிப்போச்சு மச்சான். நீ தூங்கினா உன் ஆளும் தூங்குறான்னு வச்சிக்கினோம். ஸ்டெல்லாவோட வைத்தியச்சிதான் அவனை முதுகுல தூக்கினு வரா.”

“அப்படியே வுட்டா நரி தின்னுடும்ணா,” என்றாள் ஸ்டெல்லா. அவளும் அதே இரவு ஷிப்ட் முடித்து வந்தவள்தான். வைத்தியச்சி சுமை தூக்குகிறவள் என்பதால், ஸ்டெல்லாவின் பகடையில் விழுந்த எண்ணைப் பாபு ஒவ்வொரு முறையும் குறைத்தே எண்ணியிருக்கிறான்.

அது என் முறை இல்லை. ஆனாலும் சொன்னேன்: “படகோட்டி கண்ணு முழிக்கிறான். தோளு வலிக்குதான்னு வைத்தியச்சியைக் கேக்குறான்.”

“ரொம்ப,” என்றாள்.

களைப்பு இன்றுவரை தீரவில்லை. கண் சொக்கும்போது மட்டும், இப்போது யார் முதுகில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.