வெள்ளிக்கிழமைக்குள் என்று அடித்த கடிதம்

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கடிதம் எழுத யாரும் சொல்லித்தரவில்லை. பழைய ஃபைலைப் பிரித்து வைத்து, பெயரை மட்டும் மாற்றி அடிக்க வேண்டும். எந்தக் கடிதத்தை எடுத்தாலும் 'அட் தி எர்லியஸ்ட்' இருக்கும்; கூடிய சீக்கிரம் என்று அர்த்தம். அதை விட்டால் 'இன் ட்யூ கோர்ஸ்', அதாவது உரிய காலத்தில். இரண்டிலும் நாள், கிழமை கிடையாது. முதலாளிக்கு அதுதான் வசதி. எழுத்தில் நாள் குறித்தால் அது வாக்கு என்பார். மலை மழையை நம்பி வாக்குக் கொடுக்க அவர் தயாரில்லை.

மூன்றாம் மாதம் கொச்சியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சரக்கு என்றைக்கு வந்து சேரும் என்று நாளைச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி அதை என் மேசையில் போட்டார்.

"ஏற்கெனவே ரெண்டு கம்பெனி போயிருச்சு. ஒன் இங்கிலீசு சரியில்லத்தா. இதுவும் போச்சுன்னா நான் வேற ஆளு பாத்துக்கிறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் இங்கிலீஷில் குறை இல்லை. அவர் நாள் சொல்லாததுதான் குறை. மறுநாளே ஜீப்பில் ஏறி, மலையடிவாரக் குரங்கணிக்கு மேலே காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போனேன். "அடுத்த புதன்கெழமை காய் காஞ்சிரும்" என்றார் ஸ்டோர்க்காரர். திரும்பி வந்து 'ஆன் ஆர் பிஃபோர் நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று அடித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையோ அதற்கு முன்போ சரக்கு வந்து சேரும் என்று பொருள்.

முதலாளி பேனாவைத் திறக்கவில்லை. "மாத்தி அடி ஆத்தா. எழுதிட்டா எழுதுனதுதான்."

"மாத்த மாட்டேன் மொதலாளி. பழையபடி அடிச்சு வேலை போறதுக்கு, நான் இப்பவே வீட்டுக்குப் போயிர்றேன்."

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மறு செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் ஸ்டோருக்குப் போகும் ஜீப் ரோடு அறுத்துக்கொண்டு போனது. புதன்கிழமை காய் என்னவோ காய்ந்துவிட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. "எழுதிட்டோம்ல" என்று மட்டும் சொல்லிச் சுமைதூக்கும் ஆட்களைக் கூட்டிவரச் சொன்னார். சறுக்குப் பாதையில் அவர்கள் மூட்டைகளைத் தலையில் வைத்து, மேலே தார்ப்பாய் மூடி, குரங்கணிவரை இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை லாரி கொச்சி போய்ச் சேர்ந்தது. என் வேலையும் தப்பியது.

லாரி கிளம்பிய அன்று சுமைக்காரர்களின் மேஸ்திரி என் மேசைப் பக்கம் வந்தார். கழுத்தில் தோல் உரிந்திருந்தது.

"நீதான் வெள்ளிக்கெழமைன்னு எழுதுன பிள்ளையா?"

"ஆமாண்ணே."

"எழுது, வேணாங்கல. ஸ்டோர்க்காரன்ட்ட கேட்டேல்ல. எங்கள்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல."

வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகும் நாள் போடாமல் நான் ஒரு கடிதம்கூட அடித்ததில்லை. ஆனால் ஸ்டோர்க்காரர், ஜீப் டிரைவர், சுமைக்காரர் மூன்று பேரையும் கேட்ட பிறகே அடித்தேன். அவர்கள் முடியாது என்றால் வெள்ளி திங்களாகும். எந்தக் கம்பெனியும் அதற்காக விலகிப் போகவில்லை. முதலாளி நாள் குறிக்கப் பயந்தார். எனக்குப் பயமே இருக்கவில்லை. மூட்டை என் தலையில் ஏறப்போவதில்லையே.