ஒரு படி வெளிறிய விரல்

நிறம் கலக்குமுன் அவள் ஒரு காரியம் செய்வாள். வந்தவரின் கையை ஜன்னல் விளிம்பில் வைக்கச் சொல்லி, அதை ஒட்டித் தன் மணிக்கட்டை வைப்பாள். இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். வெள்ளைச் சுவரைப் பத்து எண்ணும்வரை வெறித்துவிட்டு மறுபடி பார்ப்பாள். கேட்டால், "கண்ணைக் கழுவிக்கிறேன்" என்பாள். செயற்கை விரலும் காதும் மூக்கும் செய்கிற அந்தப் பட்டறையில் பதினாறு வருடமாக அவளுக்குக் 'கலர் அக்கா' என்றுதான் பெயர்.

கலந்த நிறத்தில் ஒரு படி வெளுப்பைக் கூட்டுவதும் அவள் வழக்கம். கை பட்டு, வெயில் பட்டு, சிலிக்கான் ஆறு மாதத்தில் கறுக்கும். அப்போது நிறம் சரியாக வந்து உட்காரும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழுது பார்க்கத் திரும்பி வந்த விரல்களைப் பார்த்து அவளே கண்டுகொண்டது.

வங்கிக் கவுன்ட்டரில் உட்காரும் பெண் ஒருத்தி, கதவில் நசுங்கிப்போன மோதிர விரலுக்குப் பதில் விரல் வாங்கிப் போனாள். அந்த ஊரில் எண்ணிக்கையில் குறைந்த, நல்ல கறுப்பான இனத்தவள். கலர் அக்கா அன்று விடுப்பு. முன்மேசையில் இருந்தவர்கள் போகப்போகக் கறுக்கும் என்று சொல்லாமலே பெட்டியில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்தப் பெண் இணையத்தில் தன் கையைப் படமெடுத்துப் போட்டாள். கீழே ஒரு வரி: 'ஒன்பது விரல் என் இனம். பத்தாவது யாருடையது?'

சாயங்காலத்துக்குள் எட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பட்டறையின் பெயரோடு கலர் அக்காவின் படமும் வெளியே வந்தது. சமையலறை வாசலில் நின்று நாத்தனார் வாசித்தாள்.

"அண்ணி, உங்களுக்கு இனவெறியாம்."

"எனக்கா? நானே மாநிறம்தானேடி?"

"அதையும் ஒருத்தர் கேட்டிருக்காரு. அதனாலதான் இன்னும் மோசம்ங்கிறாரு இன்னொருத்தர்."

"கேட்டவரு நம்ம பக்கமா?"

"ஆமா. ஆனா அவரு எழுதினதைப் படிக்காதீங்க. அந்தப் பொண்ணோட இனத்தையே அசிங்கமாத் திட்டியிருக்காரு."

"ஐயோ, எனக்காகப் பேச வேணாம்னு சொல்லேன் அவருகிட்ட!"

"நான் சொன்னாக் கேக்க அவரு என்ன என் சித்தப்பா மகனா?"

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். 'அறியாமல் செய்த பிழைக்கு மன்னிப்புக் கோருகிறேன்.' கையெழுத்துப் போட்டால் வேலை போகாது.

"தெரிஞ்சேதான் சார் செஞ்சேன்."

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இதை வெளிய எங்கயும் சொல்லிடாதீங்கக்கா."

"இல்ல சார், கறுக்கும்னு தெரிஞ்சு..."

"விளக்கம் கேக்கற நிலைமையில யாரும் இல்ல. போட்டுட்டுப் போங்க."

ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு அவள் மாதிரித் துண்டுகளின் இழுப்பறையைத் திறந்தாள். செய்த ஒவ்வொரு வேலைக்கும் காசளவு ஒரு துண்டு. வந்தவரின் தோல் எந்தப் படி, கலந்தது எந்தப் படி என்று பின்னால் எழுதியிருக்கும். கறுப்புத் தோல்களுக்கு ஒரு படி வெளுப்பு. மாநிறத்துக்கும் அப்படியே. வெளுத்த தோல்காரர்களுக்கு மட்டும் உள்ளது உள்ளபடி.

ஏன்? இன்னும் வெளுத்தால் பிணத்தின் விரல் மாதிரி இருக்கும் என்றுதானே? அதனால்தானா? வெளுத்த விரல் மட்டும் கறுக்காதா என்ன? அப்படிக் கறுத்துத் திரும்பி வந்த ஒன்றையாவது பார்த்திருக்கிறோமா? தான் செய்த வேலையை யாரோ செய்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அறியாமல்' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்போ இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் மேலாளர்.

"எனக்கும் தெரியல சார். அந்தச் சொல் மட்டும் சரியில்ல."

அவர் அதை அப்படியே வெளியிட்டார். அடித்த இடத்தை வட்டமிட்டுக் காட்டி, 'ஆக, தெரிந்துதான் செய்திருக்கிறாள்' என்று இணையத்தில் மறுபடி ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமையோடு வேலை போயிற்று.

நான்கு மாதம் கழித்துப் பட்டறையின் கிடங்குக்காரர் பேருந்து நிறுத்தத்தில் எதிர்ப்பட்டார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: சிலிக்கான் வாங்கும் இடத்தை மாற்றி மூன்று வருடமாகிறது, இப்போது வருவது எத்தனை வருடமானாலும் கறுப்பதில்லை.

"உங்ககிட்ட யாரும் சொல்லலையாக்கா?"