அணைத்துவிட்டதாகச் சொன்ன கரிச்சட்டி

மலாக்காவுக்குப் பக்கத்தில் சிம்பாங் அம்பாட்டில் நான் டோபிக் கடை வைத்திருந்த கட்டடம் எரிந்தது என்னால்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அதற்கு முன் தோட்டத்துத் துரை பங்களாவில் துணி வெளுத்துக்கொண்டிருந்தேன். முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து, துரை கப்பலேறியதும், நானும் மனைவியும் சிம்பாங் அம்பாட்டுக்கு வந்து கடை போட்டோம். பலகைச் சுவர், ஓட்டுக் கூரை, பின்னால் நாங்கள் குடியிருந்த அறை, கிணறு. கட்டடத்துக்காரர் யாழ்ப்பாணத்தவர், நில ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வாடகைப் பத்திரம் இங்கிலீஷில் இருந்தது. அவரே ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் விளக்கினார்.

"தம்பி, கட்டடத்துக்கு நெருப்பு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறன். அதுக்குரிய காசையும் சேர்த்துத்தான் உமக்கு வாடகை சொல்லுறன். ஆனா ஒண்டு, நெருப்புச் சட்டியை விட்டுட்டு ஒருத்தரும் வெளியில போகக்கூடாது. அதுவும் இதில எழுதியிருக்கு."

"சரிங்கய்யா" என்று கையெழுத்துப் போட்டேன்.

நான்கு வருஷம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அந்த வருஷம் மழை விடவேயில்லை. துணி காயாததால் கடைக்குள்ளேயே கயிறு கட்டி, அடியில் கரிச்சட்டி வைத்துக் காயப்போட்டோம். நானோ மனைவியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அன்று மத்தியானம் அவள் பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கோப்பிக் கடையில் புதிதாகக் கிராமபோன் வாங்கியிருந்தார்கள். ஒரு பாட்டு கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று, அவளிடம்கூடச் சொல்லாமல் ரோட்டைத் தாண்டினேன். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த தட்டை வைத்தார்கள். மூன்றாவது தட்டு பாதியில் ஓடும்போது ரோட்டில் யாரோ "ஆப்பி! ஆப்பி!" என்று மலாயில் நெருப்பைச் சொல்லிக் கத்தினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது என் கடை வாசலில் புகை வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மனைவி பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, மற்றவர்கள் கொடுத்த துணியை வாரி வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தாள். அவளை நான்தான் இழுத்து வந்தேன். அவள் வலது கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது. அக்கம்பக்கத்தார் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றியும் கூரையும் முன்பாதியும் போய்விட்டன.

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கரிந்த பலகைகளைப் புரட்டிப் பார்த்தார். கரிச்சட்டியைக் குச்சியால் தட்டினார். அவர் இங்கிலீஷில் கேட்பதைக் கட்டடத்துக்கார ஐயா எனக்குத் தமிழில் சொன்னார்.

"நீர் வெளியில போகேக்க சட்டியில நெருப்பு இருந்ததோ எண்டு கேக்கிறார்."

ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

"இல்லீங்கய்யா. தண்ணி ஊத்தி அணைச்சுட்டுத்தான் போனேன்."

ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். பங்களாவில் இருந்தவன் என்பதால் எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும். இந்த ஆள் பொய் சொல்லமாட்டான், நான்கு வருஷமாகத் தெரியும் என்று தம் பங்குக்கும் ஒரு வார்த்தை சேர்த்தார். வெள்ளைக்காரர் என் மனைவியைக் கேட்டார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவள், என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஆமாங்க. அணைச்சுட்டுத்தான் போனாரு."

கம்பெனி ஐயாவுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தீ என் கவனக்குறைவால் வந்ததென்று கம்பெனி கருதுகிறது. பத்திரத்தில் சொன்னபடி நான் நடக்கவில்லை. ஆகவே கட்டடத்துக்காரருக்குக் கொடுத்ததை என்மேல் வழக்குப் போட்டு வாங்கும் என்று எழுதியிருந்தது. ஐயா அதை வாசித்துவிட்டுக் கோபத்தில் எழுந்து நின்றார்.

"இதென்ன நியாயம்? இன்சூரன்ஸுக்குக் கட்டின காசில உம்முடைய காசும் இருக்குத்தானே? உம்மட்ட வாங்கிக் கட்டிட்டு, பிறகு உம்மிலயே வழக்குப் போடுறதோ?"

மலாக்கா டவுனுக்குப் பஸ் ஏறி இரண்டு முறை போனார். பத்திரத்தைக் காட்டி வாதாடினார். நான் சொன்னது உண்மை என்று கையொப்பமிட்டு ஒரு வாக்குமூலமும் கொடுத்தார். கம்பெனி வழக்கைக் கைவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்ல மழையில் நனைந்துகொண்டு நாங்கள் ஒண்டியிருந்த அறைக்கு வந்தார். "கூரை போட்டு முடிஞ்சவுடன நீரே திரும்ப வாரும், பழைய வாடகைதான்" என்றார். நான் கும்பிட்டேன். என் மனைவி கும்பிடவில்லை.

அவர் போனதும் சொன்னாள்: "நீங்க போயி சொல்லிருங்க. இல்லேன்னா நான் சொல்லிருவேன். அந்த வூட்டுல என்னால இருக்க முடியாது."

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கிராமபோன், மூன்று தட்டு, கனன்றுகொண்டிருந்த சட்டி. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கவலையீனத்தால, கவனமில்லாம வாற நெருப்புக்கும் சேர்த்துத்தானே இன்சூரன்ஸ்" என்றார். "நீர் அண்டைக்கே உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் டவுனுக்குப் போய் இதைத்தான் கதைச்சிருப்பன். அணைச்சனீரோ இல்லையோ, அந்தக் காசில உம்முடைய பங்கு இருந்தது. அதைச் சொல்ல உம்முடைய பொய் எனக்குத் தேவைப்படேல்லை."

"மன்னிச்சுருங்கய்யா."

"முப்பது வருஷம் கவர்மெண்டில வேலை செய்தனான். பொய்க் கடுதாசியில ஒருநாளும் கையெழுத்து வச்சதில்லை. நீர் வைக்கச் செய்திட்டீர்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் டவுனுக்குப் போய் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார். கடை எனக்கில்லை என்றும் சொன்னார். அவர் போனது எனக்குத் தெரியும். அங்கே என்ன பேசினாரோ, கம்பெனியிலிருந்து எனக்கு அப்புறம் எந்தக் கடிதமும் வரவில்லை. அவரிடம் கேட்கும் துணிவும் எனக்கு இல்லை.

உண்மையைச் சொன்னால் மனப்பாரம் குறையும் என்று நினைத்துப் போனவன் நான். குறையவில்லை. அதுவரை என் பொய் எனக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அன்றிலிருந்து இன்னொருவரும் அதைச் சுமக்க நேர்ந்தது.

நாங்கள் மஸ்ஜித் தானா என்ற ஊருக்குப் போய் ஒரு மலாய்க்காரர் வீட்டுக் கீழ்ப்பகுதியில் தொழிலைத் தொடங்கினோம். அங்கும் மழைக்காலம் வந்தது. கயிற்றடியில் கரிச்சட்டி மட்டும் வைக்கவில்லை. துணி காயவில்லையென்றால் வாடிக்கைக்காரர்களிடம் இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று மனைவியே சொல்லி அனுப்புவாள். அப்போதெல்லாம் நான் உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொள்வேன்.