உரு இல்லை, வெயில்

மூன்று நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வீடு திரும்பியதிலிருந்து, வீட்டில் இருந்த எல்லோரும் எனக்கு நோயாளிகளாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கு நான் தொல்லையாகத் தெரிந்தேன்.

அண்ணிக்குப் புட்டுப் பானையின் ஆவி கையில் அடித்தது. நான் ஓடிப்போய்க் குழாயைத் திறப்பதற்குள் பற்பசை பூசி முடித்துவிட்டார். "குளிருது, உது காணும்" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குளவி குத்தியது, அதற்குச் சுண்ணாம்பு. அண்ணைதான் எல்லோரிலும் மோசம். தோட்டத்தில் வெங்காயம் கிண்டிவிட்டு வேர்த்து ஒழுக வருவார். தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, வேர்வை காயும்வரை ஒரு மிடறு குடிக்கமாட்டார். வேர்வையோடு குடித்தால் சளி, தடிமன் பிடிக்குமாம்.

"தடிமன் கிருமியாலை வாறது, அண்ணை."

"அந்தக் கிருமி தண்ணிக்குள்ளைதான் நிக்குதோ தெரியாது."

இப்படியான ஆளோடு என்னத்தைக் கதைக்கிறது?

மகள் சுகமாய்ப் பிறந்தால் அம்மன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக அவருக்கு ஒரு நேத்தி இருந்தது. மகளுக்கு இரண்டு வயதாகிவிட்டது. இந்த வருடத் திருவிழாவில் அதை நிறைவேற்றியே தீருவேன் என்று நின்றார். கோப்பாயில் அந்த நாட்களில் காற்றே இல்லை. பகலில் நாய்கூட றோட்டைக் கடக்காது. பிள்ளையார் கோயிலடியில் தொடங்கி அம்மன் கோயில்வரை இரண்டு மைல் தார் றோட்டு, வெறுங்கால், தோளில் காவடி, முதல் நாள் இரவிலிருந்து உபவாசம். பச்சைத் தண்ணீரும் இல்லை.

"சாப்பிடாமல் இருங்கோ. தண்ணி குடிச்சுப்போட்டு எடுங்கோ" என்றேன்.

"நீ சான்றிதழை அலுமாரிக்குள்ளை வை."

தண்ணீரையும் விடச்சொல்லி யார் சொன்னது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், வெயில் தாக்கினால் என்ன அறிகுறி தெரியும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். தலையிடி, ஓங்காளம், கால் பின்னுதல், பேச்சுத் தடுமாறிக் கதை குழம்புதல். கடைசி இரண்டுக்கும் சிவப்புக் கோடு போட்டேன். வேர்வை இருந்தாலும் சரி, நின்றாலும் சரி, கதை குழம்பினால் அது ஆளைக் கொல்லும் அவசரம். அண்ணி அதன்மேல் மின்சாரக் கட்டணப் பட்டியலை ஒட்டிவைத்தார்.

பதினொரு மணிக்குக் காவடி வெளிக்கிட்டது. நான் இரண்டு போத்தல் தண்ணீரோடு பக்கத்திலேயே நடந்தேன். முதல் மைலில் அண்ணை நன்றாகவே ஆடினார். வீட்டு வாசல் படலைகளில் நிறைகுடம் வைத்து, காலுக்குத் தண்ணீர் ஊற்றி வழியனுப்பினார்கள். நான் போத்தலை நீட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினார். பிறகு திருப்பவும் இல்லை. நான் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

வாசிகசாலைச் சந்தி தாண்டியதும் கால் பின்னத் தொடங்கியது. முகம் செங்கல் நிறம். கையைத் தொட்டேன், தோசைக்கல்லைத் தொட்டது போலிருந்தது. மேளக்காரர் இடப்பக்கம் திரும்ப, அண்ணை நேரே போய் ஒரு வேலியோடு மோதி நின்று ஏதோ முணுமுணுத்தார்.

"உரு வந்திட்டுது" என்றார் ஒருவர்.

தெய்வம் ஒருவர்மேல் இறங்கி ஆடுவதை எங்கள் பக்கத்தில் உரு என்பார்கள். அவ்வளவுதான், சனம் வளைத்துக்கொண்டது. மேளம் இன்னும் வேகமாக அடித்தது. தேங்காய் உடைத்தார்கள். கற்பூரத்தை வேறு அவர் முகத்துக்கு நேரே கொளுத்தினார்கள், இருக்கிற சூடு போதாதென்று.

அந்த வேலிக்குச் சொந்தக்கார மாமி கைகூப்பியபடி முன்னால் வந்தார். "அம்மாளாச்சி, என்ரை மகன்ரை விசா எப்ப வரும்? சொல்லணை."

அண்ணை கண் சொருகியபடி, "தண்ணி" என்றார்.

மாமி திடுக்கிட்டுத் திரும்பினார். "தண்ணியாலை கண்டம் எண்டு சொல்லுறா. கப்பலிலை அனுப்பாதை எண்டுறா."

"விசாவோடை போறவன் பிளேனிலைதானே மாமி போவான்" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"மாமி, அது அம்மாளாச்சி இல்லை, எங்கடை அண்ணை. அவருக்குத் தண்ணி விடாய்க்குது. வெயில் அடிச்சிட்டுது அவருக்கு."

"சும்மா இரு பிள்ளை. அவ கதைக்கேக்கை குறுக்கை கதைக்கக் கூடாது."

"கதை குழம்புறதுதான் மாமி குறி."

"படிச்ச பிள்ளையளுக்கு எல்லாம் குறிதான்" என்றார் ஒரு கிழவர்.

அண்ணை மறுபடி "தண்ணி" என்றார். மழை வரப்போகிறது என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மூன்று நாளில் படித்தது முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. அதில் ஒரு சொல்லுக்குக்கூட அங்கே காது இல்லை. தெய்வம் பேசினால் மட்டும் கேட்பார்கள் என்றால், சரி.

இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, தொண்டை கிழியக் கத்தினேன். "அம்மாளாச்சி தண்ணி வாக்கச் சொல்லுறா. தலையிலை வாக்கட்டாம்."

நான் வாய் மூடுமுன் முதல் குடம் கவிழ்ந்தது.

"நிழலிலை கிடத்தட்டாம். விசிறட்டாம். காவடியை இறக்கட்டாம்."

"இறக்கினால் நேத்தி குறையுமெல்லோ?" என்றார் மேளக்காரர்.

"அவவே சொல்லுறா, நீங்கள் என்ன?"

காவடி இறங்கியது. வேப்ப மரத்தடியில் கிடத்தினோம். படலை படலையாக நிறைகுடங்கள் வந்தன. கிணற்றடியிலிருந்து வாளி வாளியாக வந்தது. பெண்கள் வேப்பிலையால் விசிறினார்கள். ஒருவர் சோடாவை உடைத்து அண்ணையின் வாயில் ஊற்றக் குனிந்தார். நினைவு தடுமாறியவருக்கு ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போய்விடும் என்று விளக்க எனக்கு நேரமில்லை.

"வாயிலை வேண்டாமாம்" என்றேன். போத்தலை உடனே எடுத்துவிட்டார்.

அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். அது வந்து சேரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த விடவில்லை. அண்ணி மகளை இடுப்பில் வைத்தபடி ஓடிவந்தார். அண்ணையைப் பார்த்ததும் றோட்டிலேயே குந்திவிட்டார். அண்ணியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

பொழுதுபடும் நேரம் ஆஸ்பத்திரியில் அண்ணைக்கு நினைவு தெளிந்தது. கையில் சேலைன். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். டொக்டர் என்னைப் பார்த்து, "அங்கையே குளிர வச்சது நல்லதாப் போச்சு. பிந்தியிருந்தால் கஷ்டம்" என்றார். எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது. அதற்குள் பார்க்க வந்திருந்த மாமி, "அம்மாளாச்சிதானே வாய் திறந்து கேட்டவ" என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மாமி போன பிறகு அண்ணி கட்டில் ஓரத்தில் வந்து இருந்தார்.

"ஒண்டு சொல்லவேணும். கோவிக்காதையுங்கோ" என்று அண்ணையிடம் தொடங்கினார். "நீங்கள் எழும்பி வந்தால் இன்னும் மூண்டு வருசத்துக்குக் காவடி எண்டு நேந்திட்டன்."

"ஆர் எடுக்கிறது?" என்றேன் நான்.

"அவர்தான்."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்தச் சேலைன் குழாயைப் பிடுங்கி என் கையில் குத்திக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகுதான் என் மூளையில் ஒன்று ஓடியது.

"அண்ணி, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. தண்ணி குடிக்காமல் எடுப்பார் எண்டும் நேந்தனீங்களோ?"

அண்ணி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், தெய்வத்தோடு செய்த ஒப்பந்தம் அல்லவா?

"இல்லை. தண்ணியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

அண்ணை கண்ணைத் திறந்தார். சேலைன் ஏறாத கையை நீட்டி, மேசையில் இருந்த போத்தலைக் காட்டினார். எழுப்பி இருத்திக் கொடுத்தேன். பாதிப் போத்தலை என் கண்ணெதிரிலேயே குடித்தார்.