மலைக்கு ஒரு ஜெட், தரைக்கு ஒரு ஜெட்

என்னிடம் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதெல்லாம் பேச்சுக்குத்தான். நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். அது ஏற்காட்டில் என் மனைவி குடியிருக்கும் வீட்டு வாசலில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. எட்டு மாதமாக இப்படித்தான்.

கல்யாணமான புதிதில் அவளை அவளுடைய ஊரான ஏற்காட்டுக்கு அந்த பைக்கிலேயே அழைத்துப்போக ஆசைப்பட்டேன். பஸ்ஸில் போங்களேன் என்றார்கள். மைன்ஸில் ஃபிட்டராக இருப்பவனிடம் போய் அப்படிச் சொல்லலாமா? மலை ஏற பலம் வேண்டும், பலத்துக்குப் பெட்ரோல் வேண்டும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, கார்புரேட்டரில் இருந்த மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றைப் போட்டேன். ஜெட் என்பது சுண்டுவிரல் நகத்தளவு பித்தளைத் துண்டு, நடுவில் ஊசித் துளை. எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலை அந்தத் துளைதான் அளந்து விடும்.

போட்டதைச் சோதித்துப் பார்க்க ஒரு மலை வேண்டுமே! எங்கள் பக்கம் மலைக்கு எங்கே போவது? சுரங்கத்தில் வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்துபோன மேடு ஒன்றுதான் உண்டு. கம்மாபுரம் பக்கம் எங்கள் அப்பா உழுத நிலமும் அதற்குள் எங்கோ கிடக்கிறது. கூட வேலை பார்க்கும் நண்பனைப் பின்னால் உட்காரவைத்து அந்த மேட்டின் உச்சி வரை ஒரே மூச்சில் ஏற்றினேன். "இமயமலையே ஏறும்டா இது," என்றான் அவன். நானும் நம்பினேன்.

ஏற்காட்டுப் பாதையில் ஏழாவது கொண்டை ஊசி வளைவிலேயே வண்டி இருமத் தொடங்கியது. பதினொன்றாவதில் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. துடைத்துப் போட்டேன், உதைத்தேன், திட்டினேன். அவள் பட்டுப்புடவையோடு ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்து, நான் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க மேட்டுல ஏத்திப் பாத்துட்டு வந்திருக்கீங்க. இது மலைங்க. மேல போகப் போகக் காத்தே கம்மி. காத்து கம்மின்னா பெட்ரோலையும் கம்மியாத்தானே குடுக்கணும்?"

மூக்கு உடைந்தது என்பார்களே, அன்றைக்கு எனக்கு அதுதான் நடந்தது. பையில் கிடந்த பழைய ஜெட்டை எடுத்து மாட்டி, முக்கி முனகி மேலே போய்ச் சேர்ந்தோம். ஊர் திரும்பியதும் அதைவிடச் சிறியதாக ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து மலைக்குச் சிறியது, தரைக்குப் பழையது. ஏறும்போது அடிவாரத்துப் புளியமரத்தடியில் மாற்றுவேன், இறங்கும்போது அதே மரத்தடியில் திரும்ப மாற்றுவேன். மறந்து தரையிலும் சிறியதோடு ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதித்து பிஸ்டன் இறுகிவிடும். மாற்றும் நேரத்தில் அவள் பக்கத்தில் தீப்பெட்டியோடு குந்தியிருப்பாள். கழற்றிய ஜெட்டை அதற்குள் போட்டு மூடுவது அவள் வேலை.

குவார்ட்டர்ஸில் என்னோடு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். சித்திரை வெயிலையோ, கொடியில் காயும் துணியில் வந்து படியும் சாம்பலையோ ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அரசுப் பள்ளி டீச்சர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பதவி உயர்வு வந்தபோது ஏற்காட்டுப் பள்ளியில் இடம் கிடைத்தது. மகளுக்கும் அப்போது கல்யாணமாகிவிட்டது. ஒரு வருஷம்தானே என்று அனுப்பிவைத்தேன். வருஷாவருஷம் இடமாறுதல் கலந்தாய்வு வரும்போது, "விண்ணப்பம் போட்டியா டீச்சரம்மா?" என்று கேட்பேன். "போடணுங்க," என்பாள். போடமாட்டாள்.

எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை. மலையில் அவள் நடையே வேறு. இங்கே கடைக்குப் போவதற்குள் மூச்சு வாங்குகிறவள், அங்கே காப்பித் தோட்டத்துச் சரிவில் எனக்கு முன்னால் போய் நின்று சிரிப்பாள். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ரிட்டயர்டானதும் வடலூர் பக்கம் வீடு கட்டுவோம் என்று எல்லோரையும் போல நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பும்போது தீப்பெட்டியைத் திறந்தால் காலி. தரை ஜெட்டைக் காணோம். பை, சீட்டுக்கு அடி, சட்டைப்பை எல்லாவற்றையும் உதறினேன். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். பழைய வண்டியின் ஜெட் ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் யாரிடம் கிடைக்கும்?

"வந்ததும் தீப்பெட்டிய உங்கிட்டதான குடுத்தேன்? எங்க போச்சி?" என்று கத்தினேன்.

"எங்க வெச்சீங்களோ," என்றாள், பீன்ஸை நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல்.

வண்டியை விட்டுவிட்டு, அவளிடம் முகம் கொடுக்காமல் பஸ் ஏறினேன். வாசலைத் தாண்டும்போது வழக்கம்போல ஒரு பொட்டலம் காப்பித்தூளைக் கையில் வைத்தாள். அதைக்கூட வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கிக்கொண்டேன். நாலு நாள் கழித்துத் தூளை ஃபில்டரில் கொட்டும்போது டங்கென்று ஒன்று விழுந்தது. அந்த ஜெட்.

உடனே போன் போட்டேன். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் போட்டேன். "ஜெட்டு கெடைச்சிடுச்சி," என்று மட்டும் சொன்னேன். "அடுத்த வாட்டி எடுத்துட்டு வருவீங்களா?" என்று கேட்டாள். "பாக்கலாம்," என்றேன்.

பார்க்கவில்லை. பஸ்ஸிலேயே போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் ஜெட் இங்கே சமையலறை அலமாரியில் ஒரு பாட்டில் மூடிக்குள் கிடக்கும். வண்டியாவது அவளோடு இருக்கட்டும் என்று, எடுத்துப்போகக் கை வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

நான் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அவளே வண்டியை உதைத்து, போனைச் சைலன்சர் பக்கம் பிடிப்பாள். நான் இங்கே காதில் வைத்துக்கொண்டு, "ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து வெளிய வுடு, ஆங், போதும்," என்பேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது நன்றாகத்தான் ஓடுகிறது. உதைத்த களைப்பில் அவள் மூச்சு போனில் கேட்கும். அதற்காகத்தான் ஏதாவது ஒரு குறை சொல்லி இன்னொரு தரம் உதைக்கச் சொல்வேன். அவளுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பேசி முடித்த பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிடும்.

இன்னும் ஐந்து மாதத்தில் எனக்கு ரிட்டயர்மென்ட். போன வாரம் அவளே கூப்பிட்டாள்.

"கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை கடைசி நாளுங்க. கடலூர் மாவட்டத்துக்கே கேட்டுடட்டுங்களா? எவ்ளோ நாளைக்குத்தான் நீங்க தனியா..."

ஆறு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டு நிமிராமல் இருந்த அவள் தலைதான் கண்ணுக்குள் வந்தது. அலமாரியைத் திறந்து மூடியிலிருந்து ஜெட்டைக் கையில் எடுத்தேன்.

"அத்த வுடு. நான் அந்த ஜெட்டத் தேடிகினு இருக்கேன், கெடைக்கல. தொலைஞ்சிடுச்சி போல. வண்டி இனிமே கீழ எறங்காது. நான்தான் மேல வரணும்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நல்லாத் தேடினீங்களா?" என்றாள், பிள்ளைகளைக் கேட்கிற அதே குரலில்.

"எல்லா எடத்துலயும் தேடிட்டேன்," என்றேன். இறுக்கிப் பிடித்திருந்ததில் ஜெட்டின் மரை உள்ளங்கையில் பதிந்துபோயிருந்தது.